ஆறட்டும்

சற்று நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.

ஏர்பேட்டில் தங்கி ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால் தமிழ்நாட்டு உறவினர்கள் ஏர் உழும் ஊரா என்கிறார்கள். சென்னை நண்பர்களோ, ரேணிகுண்டா விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் வந்த பெயரா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். தெலுங்கில் ‘ஏரு’ என்றால் ஆறும் உண்டு, ஏரும் உண்டு; உழவு தொடங்கும் விழாவுக்கு ‘ஏருவாக்க’ என்று பெயர். பக்கத்தில் சுவர்ணமுகி ஓடுகிறது. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டமாக இருந்த இந்தப் பகுதி இப்போது திருப்பதி மாவட்டம். காளத்திக்குப் போகும் பேருந்தில் ஏறினால் ஒரே இருக்கையில் இரண்டு மொழிகளும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இடப்பெயராய்வில் இறங்கினால் இந்தப் பதிவு முடியாது என்பதால், ஊர்ப்பெயரை இங்கேயே விட்டுவிடுகிறேன். ஆனால் ‘ஆறு’ என்ற சொல்லை விட முடியாது. அது மறுபடி வரும்.

என் ஆய்வு பழுதைப் பேசும் மொழியைப் பற்றியது. ஓர் இயந்திரம் கெட்டுவிட்டது என்பதை அதைத் தொட்டுச் சரிசெய்பவர் எந்த வினைச்சொற்களால் சொல்கிறார், காரணத்தை எங்கே வைக்கிறார், தான் கண்ணால் கண்டதையும் ஊகித்ததையும் பேச்சில் எப்படிப் பிரிக்கிறார் என்பவை என் கேள்விகள். பம்புசெட்டு, டிராக்டர், குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறைகளில் ஒன்றரை ஆண்டுகள் ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். என் ஆய்வுரையைக் கேட்ட ஒருவர், ‘பட்டறைத் தமிழில் கலைச்சொல் கிடையாது; எல்லாம் ஆங்கிலச் சொற்களுக்கு உகரம் சேர்ப்பதுதான். வினையில் என்ன இருக்கப்போகிறது?’ என்றார். அந்தக் கேள்வி என்னை வெகுநாள் அரித்தது. அதற்கான விடை டிராக்டர் பட்டறையில் கிடைக்கவில்லை. ஒரு சிறு விமானத்தின் கூலண்டு டப்பாவில் கிடைத்தது.

ஆய்வு நெறிமுறைப்படி இடத்தையும் ஆட்களையும் சொல்லக் கூடாது. ஏர்பேட்டிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு தனியார் ஓடுதளம். தகரக் கொட்டகை ஒன்று. அதனுள் இருவர் அமரும் மைக்ரோலைட் ஒன்று. அதைப் பராமரிக்கும் உரிமம் பெற்ற பொறியாளர் மாதத்தில் சில நாள் வருவார், கையெழுத்து அவருடையது. அன்றாடம் கை வைப்பவர் அறுபத்தைந்து வயது மெக்கானிக். எல்லோரும் மேஸ்திரி என்பார்கள். தமிழர். அவருக்கு உதவியாளாக இந்தப் பக்கத்துத் தெலுங்குப் பையன் ஒருவன் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

எஞ்சின், ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனத்தின் 912 வகையில் 100 குதிரைத்திறன் மாதிரி. உலகின் சிறு விமானங்களில் மிகப் பரவலாகப் பொருத்தப்படும் எஞ்சின்களுள் இந்த வகை ஒன்று. நம் நாட்டுக்கும் புதிதன்று. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்ஸா-3 விமானம் இதே குடும்பத்தின் 914 எஞ்சினைக் கொண்டது. அதன் புதிய வடிவமான ஹன்ஸா-என்.ஜி. 2021 செப்டம்பர் 3 அன்று முதலில் பறந்தது. அதில் இருப்பது 912இன் எரிபொருள் உட்செலுத்தும் வகை. 2022 பிப்ரவரி 19 அன்று அதைப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறக்கவைத்து, மார்ச் 5 வரை கடல்மட்டச் சோதனைகள் நடத்தினார்கள். சோதனைப் பட்டியலில் எஞ்சின் அமைப்பின் செயல்பாடும் இருந்தது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் நன்றாக ஓடும் எஞ்சினை ஏன் கடலோரத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும்? கடல்மட்டத்தில் காற்று அடர்த்தி அதிகம். எஞ்சின் தன் முழுத் திறனையும் தரும். முழுச் சூட்டையும் தரும். நம் சமவெளியின் மே மாதத்தை அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தேசிய மாணவர் படைக்கும் விமானப்படைக்கும் கடற்படைக்குமாக 2015இல் 194 மைக்ரோலைட்டுகளை ஸ்லொவேனியாவின் பிப்பிஸ்ட்ரல் நிறுவனத்திடம் வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. அவற்றில் இருப்பதும் 912தான், 80 குதிரைத்திறன் மாதிரி.

இந்த எஞ்சினின் குளிர்ச்சி முறை பாதிக்குப் பாதி. சிலிண்டர்களின் உடம்பைக் காற்று ஆற்றுகிறது. தலைகளை மட்டும் கூலண்டு ஆற்றுகிறது. எஞ்சினோடு சேர்ந்தே சுழலும் பம்பு, ரேடியேட்டரிலிருந்து வரும் கூலண்டை நான்கு தலைகளுக்கும் தள்ளும். சூடேறிய கூலண்டு மேலே உள்ள சிறு தொட்டிக்கு வந்து மறுபடி ரேடியேட்டருக்குப் போகும். அந்த மேல்தொட்டியின் மூடிதான் இந்தக் கதையில் முக்கியம். அது வெறும் மூடியன்று. பாதிக்குப் பாதி கிளைக்காலும் நீரும் கலந்த கூலண்டு திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். மூடி 1.2 பார் அழுத்தம் வரை பிடித்துவைத்திருப்பதால் கொதிநிலை 130ஐ ஒட்டி உயர்கிறது. நம் வீட்டுக் குக்கரின் தத்துவமே. அழுத்தம் எல்லையை மீறினால் மூடியின் உள்வால்வு திறந்து, மிகுந்த கூலண்டை ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கீழே உள்ள டப்பாவுக்கு அனுப்பும். குக்கர் செய்யாத ஒன்றையும் இந்த மூடி செய்யும். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அப்போது இரண்டாவது வால்வு திறந்து, டப்பாவுக்குப் போன கூலண்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். போன தண்ணீர் வீடு திரும்ப வேண்டும். திரும்பினால்தான் தொட்டி நிறைந்திருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது பராமரிப்புப் பதிவேட்டில் இரண்டு மாதத்தில் ஐந்து முறை ‘கூலண்டு சேர்க்கப்பட்டது’ என்று எழுதியிருந்தது. எஞ்சின் ஏற்றத்தில் வழக்கத்தைவிடச் சூடாகிறது என்று விமானி எழுதியிருந்தார். கடைசிப் பறப்பில் வேறொரு குறிப்பு: முள் ஏறி இறங்கி ஆடியது, பிறகு இயல்புக்கும் கீழே வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் யாரோ ‘சரியாகிவிட்டது’ என்று எழுதியிருந்தார்கள்.

மேஸ்திரி அந்த ஒரு சொல்லை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

“சூடு குறைஞ்சதுன்னு எழுதியிருக்காங்கம்மா. குறையல. முள்ளு தண்ணியத் தொடல.”

இதை விளக்க வேண்டும். ரோட்டாக்ஸின் பழைய வகைத் தலைகளில் உணரி உலோகத்தின் சூட்டை அளக்கும். இந்த 100 குதிரைத்திறன் மாதிரிக்கு அதன் எல்லை 135 டிகிரி. பிந்தைய வகையில் உணரி கூலண்டுக்குள்ளேயே இருக்கும், எல்லை 120. இந்த எஞ்சின் பிந்தைய வகை. கூலண்டு சூழ்ந்திருக்கும்வரை உணரி உண்மை சொல்லும். கூலண்டு வடிந்து அந்த இடத்தில் காற்றோ ஆவியோ வந்துவிட்டால், உலோகம் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக்கூடும். விமானி அச்சப்பட வேண்டிய நேரத்தில் கருவி அவரை ஆறுதல்படுத்தும். ஆடும் முள் என்பது உணரியைக் காற்றுக் குமிழிகள் கடந்துபோகின்றன என்பதற்கான அடையாளம் என்று மேஸ்திரி படித்தார். படித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உரிமையாளர் தம் மகளைப் பக்கத்தில் அமர்த்திப் பறப்பதாக இருந்தது. பதினாறு வயதுப் பெண், பிறந்தநாள்.

அன்று பிற்பகல் முழுவதும் நான் பதிவு செய்த பேச்சு என் ஆய்வின் மூன்றாம் இயலாகிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலப் பரிசோதனைப் படிவத்தில் ஒரே கேள்வி: லீக் உண்டா, இல்லையா? மேஸ்திரிக்கு அந்த ஒரு சொல் போதவில்லை. ஓஸ் பைப்பின் கிளிப்பு ஓரத்தில் ஈரப்படலம் மட்டும் இருந்தால் ‘வேர்த்திருக்கு’ என்றார். அது கிளிப்பை இறுக்கினால் போகும். பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. பம்பின் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் கூலண்டு எண்ணெய்ப் பக்கம் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரும்படி வைத்த காட்டிக்கொடுக்கும் துளை அது. அங்கே வந்தால் ‘சொட்டுது’. கிளிப்பை இறுக்கிப் பயனில்லை, பம்பைத் திறக்க வேண்டும். ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே பச்சையாகப் படிந்திருந்தால் ‘கசிஞ்சு காஞ்சிருக்கு’. குழாய் பிளந்தால் ‘ஒழுகுது’. மூடி பிடிக்காமல் டப்பா வழியாகப் போனால் ‘பொங்குது’. ஐந்து வினைகள், ஐந்து இடங்கள், ஐந்து வெவ்வேறு வேலைகள். அவர் பயன்படுத்திய பெயர்ச்சொற்கள் அனைத்தும் ஆங்கிலமே: ஓஸ், கிளிப்பு, சீலு, ரேடியேட்டரு. என் ஆய்வுரையைக் கேட்டவர் அந்த அளவில் சரியாகவே சொன்னார். நோயறிதல் முழுவதும் வினைகளில் நடந்துகொண்டிருந்தது.

ஐந்தும் இல்லை என்பதுதான் சிக்கல். கைப்பம்பை மேல்தொட்டியில் பொருத்தி 1.2 பார் வரை அழுத்தம் ஏற்றினார்கள். இருபது நிமிடம் முள் அசையவில்லை. பம்பின் அடித்துளை காய்ந்திருந்தது. எண்ணெயில் பால் நிறம் இல்லை. மூடியைத் தனியே சோதித்தார்கள். சரியான அழுத்தத்தில் திறந்தது. கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறு கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டுக் கூலண்டை விட்டுப் பார்த்ததில் கிளைக்கால் பாதியைவிட வெகு குறைவு என்று தெரிந்தது. ஐந்து முறை சேர்த்தது கலவையன்று, வெறும் தண்ணீர். இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்த கெட்டிலின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் கேடு புரியும்: வெள்ளைப் படிவு. அது ரேடியேட்டரின் நுண்குழாய்களில் உட்கார்ந்தால் சூட்டைக் கடத்தாது. அதோடு, நீர் மிகுந்தால் கொதிநிலை தாழும். தாழ்ந்தால் மேலும் பொங்கும். பொங்கினால் மறுபடி நீர் சேர்ப்பார்கள். ஆனால் இது விளைவு. முதல் தடவை ஏன் குறைந்தது?

கலவையைச் சரியாக்கி, எஞ்சினை ஓட்டிப் பார்க்க முடிவாயிற்று. வெளியே கட்டிவைத்து, முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, காதடைக்கும் சத்தத்தில் சூடேற்றினார்கள். தரையில் நிற்கும் விமானத்துக்கு எதிர்க்காற்று கிடையாது. வெப்பம் விரைவாக ஏறிற்று. மேஸ்திரி எஞ்சினைத் தாழ்ந்த சுழற்சிக்குக் கொண்டுவரச் சொன்னார். அணைக்கும் முன் ஓரிரு நிமிடம் அப்படி ஓடவிட்டுச் சூட்டை இறக்குவது வழக்கம். காக்பிட்டில் இருந்த பையனைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

“ஆறட்டும்!”

பையன் உடனே இரண்டு சுவிட்சுகளையும் அணைத்துவிட்டான்.

தமிழில் பால் ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். டீ மாஸ்டர் டீயை ஆற்றுவார். தெலுங்கில் ‘ஆரு’ என்றால் உலர்வது, அணைவது. விளக்கு அணைந்தால் ‘தீபம் ஆரிபோயிந்தி’ என்பார்கள். சூடு தணிவதற்கு அவர்களுக்குச் ‘சல்லாரு’ வேண்டும். அதற்குள்ளேயும் அந்த ஆரு இருக்கிறது. ஒரே வேரிலிருந்து கிளைத்தவையாகவே எனக்குப் படுகின்றன. சூடு போவது எங்களுக்கு முதன்மையாயிற்று; தீ போவது அவர்களுக்கு. மூன்று வாரமே ஆன பையன் காதில் விழுந்தது, ‘அணையட்டும்’. மொழியியல் வகுப்பில் இவற்றைப் போலி நண்பர்கள் என்று கரும்பலகையில் எழுதுவோம். ஒரு பொய் நண்பன் நூறு டிகிரிக்கு மேல் சூடேறிய எஞ்சினின் பம்பை நிறுத்துவதை அன்றுதான் பார்த்தேன்.

எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். தலைகளில் தேங்கிய சூடு முழுவதும் அசையாமல் நிற்கும் கூலண்டுக்குள் இறங்கும். சில நொடிகளில் குழாயில் களகளவென்று சத்தம். டப்பாவில் மட்டம் மளமளவென்று ஏறிற்று.

“பொங்குதோந்தி!” என்றான் பையன்.

“பொங்குது” என்றார் மேஸ்திரி.

அந்தப் பிற்பகலில் இருவரும் ஒரே சொல்லைச் சொன்ன முதல் தருணம் அது. மேஸ்திரி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டப்பாவின் பக்கவாட்டில் பென்சிலால் மட்டத்தைக் கோடிட்டார். மூடியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொன்னார். சூடான மேல்தொட்டியைத் திறப்பது முகத்தைக் கொடுப்பதற்குச் சமம். பிறகு ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். பையன் டீ வாங்கி வந்தான்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் தலை குளிர்ந்திருந்தது. டப்பாவின் மட்டம் பென்சில் கோட்டிலேயே நின்றது. ஒரு விரலளவுகூட இறங்கவில்லை. மூடியைத் திறந்தார், மேல்தொட்டி குறைந்திருந்தது.

“தண்ணி வெளிய போறது இல்லம்மா பிரச்சன. அது போகத்தான் செய்யும். திரும்பி வரல. அது வர வேண்டிய வழியில காத்து வந்துருச்சு. மூச்சு வாங்குது.”

டப்பாவின் மூடிக்குள் நுழையும் இடத்தில், வளைவில், மெல்லிய ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு. டப்பாவின் நீர்மட்டத்துக்கு மேலே. வெளியேறும்போது தண்ணீர் அந்த வெடிப்பைக் கடந்து இறங்கிவிடுகிறது; ஒன்றிரண்டு துளி வந்தாலும் சூட்டில் காய்ந்துவிடும். திரும்ப உறிஞ்சும்போதோ, தண்ணீரைத் தூக்குவதைவிடக் காற்றை இழுப்பது எளிது. ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு தம்ளர் அளவு கூலண்டு டப்பாவிலேயே தங்கிவிட்டது. அதே அளவு காற்று உள்ளே போயிற்று. அழுத்தச் சோதனையில் இது அகப்படாது, ஏனென்றால் அந்தக் குழாய் மூடிக்கு வெளியே இருக்கிறது. படிவத்தில் ‘லீக் இல்லை’ என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. வெளியே போவதைக் கேட்கும் படிவத்தில் உள்ளே வருவதற்குக் கட்டம் இல்லை. தமிழில் கசிவு, ஒழுக்கு, சொட்டு, வேர்வை, பொங்கல் எல்லாம் உள்ளிருந்து வெளியே. அவர் ஆறாவதாக ஒரு வினையைத் தேடி மனித உடம்புக்குப் போனார். மூச்சு வாங்குதல் நமக்கு இளைப்பையும் குறிக்கும், காற்றை உள்ளிழுப்பதையும் குறிக்கும். அந்த எஞ்சினுக்கு இரண்டுமே பொருந்தின.

மாலையில் உரிமையாளர் வந்தார். குழாயை மாற்றியாயிற்று, விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணம். பிறகென்ன, காலையில் போகலாமே என்றார். மேஸ்திரி, “போக முடியாது சார்” என்றார். காற்று முழுவதும் வெளியேற வேண்டும். ஓட்டி, ஆறவைத்து, மட்டம் திரும்புகிறதா என்று பார்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். பழைய கூலண்டை முழுக்க வடித்துக் கழுவ வேண்டும், உள்ளே கிணற்றுத் தண்ணீரின் உப்பு இருக்கிறது. மற்ற ரப்பர் குழாய்களின் வயதைப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவற்றை மாற்றச் சொல்வது தயாரிப்பாளரின் விதி. கடைசியில் பொறியாளர் வந்து கையெழுத்திட வேண்டும். உரிமையாளர் சினந்தார். முள் இயல்பில்தான் இருந்தது என்று விமானியே எழுதியிருக்கிறாரே என்றார். மேஸ்திரி குரலை உயர்த்தவில்லை. “பாப்பா ஏறும்போது முந்நூறு அடியில முள்ளு எறங்குனா நீங்க சந்தோசப்படுவீங்க சார். அதான் எனக்குப் பயம்” என்றார்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. உரிமையாளர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மகளிடம் பேசுவது கேட்டது. பிறந்தநாள் தரையில் நடந்தது. பறப்பு பன்னிரண்டு நாள் தள்ளிப்போயிற்று. அன்று நான் போகவில்லை. பையன் வாட்ஸப்பில் டப்பாவின் படம் அனுப்பினான். பென்சில் கோட்டுக்கு நான்கு விரல் கீழே மட்டம். கீழே தமிழ் எழுத்தில், தட்டுத்தடுமாறி, ‘அக்கா ஆரிச்சு’ என்று எழுதியிருந்தான். றகரமா ரகரமா என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. இயலின் தலைப்புக்கு அந்தப் பிழையையே அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஓர் உதவி வேண்டும். காற்று உள்ளே புகுந்து நீரோட்டம் அறுபடுவதற்கு உங்கள் ஊர்ப் பட்டறையில் என்ன வினை? பம்புசெட்டுக்காரர்கள் ‘ஏர் எடுத்துருச்சு’ என்கிறார்கள். வேலூர்ப் பக்கம் ஒருவர் ‘வெறும் வயிறா ஓடுது’ என்றார். நெல்லை, யாழ்ப்பாணம், கொங்குப் பக்கத்தவர்கள் தாங்கள் காதால் கேட்டதை மட்டும், ஊரும் தொழிலும் சேர்த்து எழுதுங்கள். அகராதியில் பார்த்தது வேண்டாம்.